என் மகனுக்காகத் திரும்பிய கப்பல்

இது நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. மட்டக்களப்பில் செட்டிபாளையம் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கணவர் வாவியில் மீன்பிடிக்கிறார். நான் முன்னறையில் மெஷின் போட்டுச் சாறிச் சட்டை தைக்கிறேன். மகள் கலியாணமாகிப் போய்விட்டாள். மகன்தான் கடைசி. அவன் சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறை வேலைக்குச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம்.

அந்த வேலை சும்மா கிடைக்கவில்லை. பயிற்சி முடித்து, மூன்று தடவை கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போய், மூன்று தடவையும் முகம் தொங்கித் திரும்பி வந்து, நாலாவது தடவைதான் எடுத்தார்கள். விமான நிலையத்தில் அவனை வழியனுப்பிய அன்று பக்கத்தில் இன்னொரு தகப்பனும் மகனை அனுப்பிக்கொண்டு நின்றார். காத்தான்குடிக்காரர், துணிக்கடை வைத்திருப்பவர். நான் அழுகிறதைப் பார்த்துவிட்டு, கப்பலில் போன பிள்ளைகளுடைய தாய் தகப்பன்மாருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று சொல்லி, என் நம்பரையும் அதில் சேர்த்துவிட்டார்.

உண்மையைச் சொல்லவேண்டும். அந்தக் குழு எனக்குப் பிடிக்கவில்லை. நாட்டின் எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். பாதிக்கு மேல் சிங்களம், மிச்சம் ஆங்கிலம், இடைக்கிடை தமிழ். எனக்குச் சிங்களத்தில் பஸ் ஏறவும் சாமான் வாங்கவும் மட்டும் தெரியும். அதைவிட, மாத்தறைப் பக்கத்து அம்மா ஒருவர் தினமும் காலையில் ஒரு பூப்படம் போடுவார். ஒரு நாள் தாமரை, ஒரு நாள் ரோசா, ஒரு நாள் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. இவருக்கு வேறு வேலை இல்லையா என்று எரிச்சல் வரும். சத்தம் வராமல் குழுவை அமர்த்தி வைத்துவிட்டேன். மரியாதைக்கு மட்டும் காலையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூடிவிடுவேன். கணவர் இன்னும் மோசம். "முகமே தெரியாத ஆக்களோட என்ன கதை உனக்கு?" என்று சிரிப்பார்.

அன்றைக்குப் பௌர்ணமி, போயா விடுமுறை. கணவர் விடியுமுன்பே வாவிக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது மகனிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் குரலே சரியில்லை.

"அம்மா, நேத்துத் தொடக்கம் வகுறு நோகுது. முதல் தொப்புளடியில நொந்தது, இப்ப வலப்பக்கம் கீழ இறங்கிட்டு. ரெண்டு தரம் சத்தியும் எடுத்த நான். காய்ச்சலும் கிடக்கு. பனடோல் போட்டுட்டு வேலைக்குப் போறன். நீங்க ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க. கப்டனுக்குத் தெரிஞ்சா இறக்கி வீட்ட அனுப்பிப்போடுவாங்க."

கப்டனிடம் சொல்லு மனே என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றான். கடைசியில், "சொல்லமாட்டன் மனே, சொல்லமாட்டன்" என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? அந்த வேலைக்காக அவன் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

வாக்குக் கொடுத்துவிட்டு மெஷினுக்கு முன்னால் போய் இருந்தேன். ஒரு சட்டைக்குக் கையை உள்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றித் தைத்தேன். பிரித்தேன். திரும்பவும் அப்படியே தைத்தேன். ஒன்பது மணியிருக்கும், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண்ணின் குரல், சிங்களத்தில் மளமளவென்று ஏதோ சொன்னது. எனக்கு விளங்கியது ஒரேயொரு வசனம். "புத்தா ஹொந்தயித?" மகன் சுகமாக இருக்கிறானா?

பூப்படம் போடுகிற அம்மாதான். பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்தப் படம் அழகுக்குப் போடுவதல்ல. வழக்கமாகப் பதில் போடுகிற யாராவது ஒரு நாள் போடாவிட்டால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவர் எடுத்துப் பார்ப்பாராம். அன்றைக்கு நான் கும்பிடு போடவில்லை.

அந்தக் கேள்விக்கு "ஓம், சுகம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வாவென்று கத்தி அழுதேன். அந்த அம்மா போனைத் தன் கணவரிடம் கொடுத்தார். அவர் நெடுங்காலம் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் மாலுமிகளோடு வேலை செய்ததில் கொஞ்சம் தமிழ் பிடித்திருக்கிறார்.

"அம்மா, பயம் வேணாம். மெதுவா சொல்லுங்க. மகன் எங்க நோவு?"

சொன்னேன். தொப்புளில் தொடங்கியது, வலப்பக்கம் இறங்கியது, காய்ச்சல், வாந்தி, எல்லாம் சொன்னேன். கடைசியில், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன்.

"அம்மா, இது லேசு இல்ல. அப்பென்டிக்ஸ் மாதிரி இருக்கு. கப்டன்ட சொன்னா மகன் கோபம் வரும். வரட்டும். கோபம் போட மகன் வேணும்தானே?"

அந்த அரைகுறைத் தமிழ் என் நெஞ்சில் இடித்த மாதிரி இருந்தது. வாக்காவது மண்ணாவது என்று எழும்பினேன்.

மகனை அனுப்பிய ஏஜென்சிக்கு எடுத்தேன். விடுமுறை நாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவசர நம்பர் என்று தந்திருந்ததும் அப்படியே. அந்த எஞ்சினியர் ஐயாவுக்குத் திரும்ப எடுத்துச் சொன்னேன். "குரூப்புக்குப் பேசுங்க அம்மா. உங்க வாயால பேசுங்க" என்றார். ஐந்து மாதமாக வாயே திறக்காத குழுவில் முதல் தடவையாக மைக்கை அழுத்தினேன். மகனின் கப்பல் பெயர், கம்பனி பெயர், அவன் நிலைமை எல்லாம் தமிழிலேயே சொன்னேன். பாதி அழுகை, பாதிப் பேச்சு. யாருக்கு விளங்கும் என்ற யோசனைகூட வரவில்லை.

ஒரு நிமிடம் ஆகியிருக்காது. காத்தான்குடி நானா, விமான நிலையத்தில் கண்ட அந்தத் துணிக்கடை அண்ணன், அதை அப்படியே சிங்களத்தில் சொல்லி இன்னொரு வொய்ஸ் போட்டார். அதற்குப் பிறகு என் போன் நிற்கவில்லை. ஏஜென்சியில் வேலை செய்கிறவருடைய வீட்டு நம்பரை ஒருவர் தேடினார். இன்னொருவர் வைத்தியரான தன் தங்கையைக் கேட்டுவிட்டு, பிள்ளை ஒன்றும் சாப்பிடக்கூடாது, குடிக்கவும் கூடாது என்று எழுதினார். நீர்கொழும்பில் ஒரு அம்மா. அவருடைய மகன் அதே கம்பனியின் வேறொரு கப்பலில் இருக்கிறான். அவர் தன் மகனை எழுப்பினார். அந்தப் பிள்ளை ஓடிப்போய்த் தன் கப்டனிடம் சொன்னான். அந்தக் கப்டன் தன் கப்பலிலிருந்து என் மகனின் கப்பலுக்கு நேரடியாகப் பேசினார். செட்டிபாளையத்தில் நான் போட்ட ஒரு சத்தம் மாத்தறைக்கும் நீர்கொழும்புக்கும் போய், ஒரு கப்பலில் ஏறி, இன்னொரு கப்பலில் இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பத்தரை மணிபோல மகனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"ஏன் அம்மா சொன்னீங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நான் இருந்த இருப்பை எழுதத் தெரியவில்லை. பிள்ளையின் வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று ஒரு மனம். செய்தது சரி என்று இன்னொரு மனம். அந்த நேரம் கணவர் இறால் கூடையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றார். "நீ செஞ்சதுதான் சரி" என்றார். பிறகு என் போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். முகமே தெரியாத ஆட்கள் என்று சிரித்த மனிசன், ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும், "இஞ்சே, வந்திட்டு, வந்திட்டு" என்று என்னைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். காத்தான்குடி நானாவும் அவர் மனைவியும். விமான நிலையத்தில் ஒரு தரம் கண்டதோடு சரி, அதற்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். "போனில கதைச்சுக்கிட்டு இருக்க மனம் வரல்ல தங்கச்சி. அதான் வெளிக்கிட்டு வந்துட்டம்" என்றார். அவர் மனைவி நேரே குசினிக்குள் போனார். நான் அணைக்காமல் விட்டிருந்த அடுப்பில் தண்ணி வைத்து, தேத்தண்ணி ஊற்றி, என் கையில் கோப்பையைத் திணித்தார்.

மத்தியானம் தாண்டி மாத்தறை ஐயா எடுத்தார். கப்டன் எஞ்சின் அறைக்கே இறங்கிப் போயிருக்கிறார். மகன் குனிந்த வாக்கில் ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டு நின்றானாம். தூக்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள். சட்டலைட் போனில் கரையிலிருந்த வைத்தியரோடு பேசி, அப்பென்டிக்ஸ்தான் என்று சந்தேகப்பட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். "இப்ப வாட்ஸ்அப் பாருங்க" என்றார் ஐயா. கப்பல்கள் போகிற வழியைக் காட்டும் வரைபடத்திலிருந்து இரண்டு படம் அனுப்பியிருந்தார். நீலக் கடல், அதில் ஒரு சின்ன அம்புக்குறி. அதுதான் என் மகனின் கப்பல். காலையில் எடுத்த படத்தில் அந்த அம்புக்குறி மேற்கே பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது. இப்போது வடக்கே திரும்பியிருந்தது.

"சலாலா போகுது அம்மா. ஓமான் நாடு. நாளைக்குக் காலை ஹொஸ்பிட்டல்" என்றார்.

கணவர் அந்த இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தோணியை ஒரு முழம் திருப்புவதற்கே எவ்வளவு தண்டு வலிக்கவேண்டும் என்று தெரிந்த மனிசன் அவர். "அவ்வளவு பெரிய கப்பலை நம்மட புள்ளைக்காகத் திருப்பிட்டாங்களே" என்றார். சொல்லிவிட்டு முகத்தை உடுத்திருந்த சாரத்தால் துடைத்துக்கொண்டார். நான் சாமியறைக்குப் போகவில்லை. அந்தப் படத்தைத்தான் கும்பிட்டேன்.

அடுத்த நாள் காலை துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நிற்க, படகு ஒன்று வந்து மகனை ஏற்றிப் போனது. நேரே சத்திரசிகிச்சை. நானாவின் தம்பி சலாலாவில் வாகனம் ஓட்டுகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். நானா அவரை முன்கூட்டியே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். மத்தியானம்போல அவர் வீடியோவில் வந்தார். "ஒப்பரேசன் முடிஞ்சிட்டு ராத்தா. புள்ள நல்லா இருக்கு, அல்ஹம்துலில்லாஹ். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா வெடிச்சிருக்கும் எண்டு டொக்டர் சொன்னார்."

எங்கள் வீட்டு முன்னறையில் அப்போது அக்கம்பக்கம் எல்லாம் கூடியிருந்தது. யார் முதலில் கை தட்டியது என்று தெரியாது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். குழுவிலும் அப்படித்தான். எனக்கு விளங்காத மொழிகளில் எல்லாம் சந்தோசம் வந்து விழுந்துகொண்டிருந்தது.

பின்னேரம் மகன் கண் விழித்தபோது அந்தத் தம்பி திரும்பவும் எடுத்துப் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். பிள்ளை வெளிறிப் போயிருந்தான். கோபப்படுவான், கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று என்னைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவன் சொன்னது இதுதான்.

"அம்மா, கப்டன் ஏசல்லம்மா. படகில இறக்கும்போது கையைப் புடிச்சுக்கொண்டு, உன்ட அம்மாக்கு நன்றி சொல்லு எண்டார்."

நான் அந்தத் தம்பியிடம்தான் கேட்டேன். "தம்பி, என்ட புள்ளைட தலையை ஒருக்காத் தடவி விடுவீங்களா?" அவர் போனை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் மகனின் தலைமயிரைக் கோதிவிட்டார். ஒரு தரம் கேட்டதற்கு நாலைந்து தரம் கோதினார். மகன் கண்ணை மூடிக்கொண்டான். அவர் அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மகன் வீடு வந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

மகன் வீட்டில் மூன்று மாதம் நின்றான். வேலை போனதுதான் என்று அவன் ஒவ்வொரு நாளும் சொல்வான். ஒரு நாள் ஏஜென்சியிலிருந்து அழைப்பு. அதே கப்டன், அந்தப் பையன் சுகமாகிவிட்டால் எனக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டு எழுதியிருந்தாராம். வயிற்று நோவோடும் வேலைக்கு இறங்கிய பிள்ளையை அவர் மறக்கவில்லை. ஆனால் இனி நோய் வந்தால் ஒளிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறவேண்டும் என்று ஒரு கட்டளையும் போட்டிருந்தார். மகன் முற்றத்தில் குதித்த குதியில் கோழியெல்லாம் பறந்தன.

அவன் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குழுவில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வான் வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாத்தறை அம்மா வண்டியிலிருந்து இறங்கினார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு மகனைத் தேடிப் போய், அவன் சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்தார். அவன் வெட்கத்தில் நெளிய, எல்லோரும் சிரித்தோம். கணவர் முதல் நாளே வாவிக்குப் போய் இறாலும் நண்டும் கொண்டுவந்திருந்தார். நானா வீட்டிலிருந்து கோழிக்கறி வந்தது. மாத்தறை அம்மா கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகு கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊர்ச் சட்டித் தயிரில் அதை ஊற்றி, பாய் விரித்து எல்லோரும் வரிசையாக இருந்து சாப்பிட்டோம். ஒருவர் பேசியது மற்றவருக்கு முழுதாக விளங்காவிட்டாலும் சாப்பாடு முடியும்வரை ஒருவர் வாயும் மூடவில்லை. பரிமாறியது முழுக்க என் கணவர்.

மகன் இப்போதும் கடலில்தான் இருக்கிறான். போன மாதம் பதவி உயர்வும் கிடைத்தது. காற்று பலமாக அடிக்கிற நாட்களில் இன்றைக்கும் பயத்தில் மெஷினை நிறுத்திவிடுகிறேன். ஆனால் அந்தப் பயத்தோடு என்னைத் தனியே இருக்க விடாத ஒரு கூட்டம் எனக்கு இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும், நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த சட்டையைத் தைக்கத் தொடங்கிவிடுகிறேன்.