பிரைட்டன் தடுத்த தீர்த்தம்

பிரைட்டனின் தலையில் இடி விழுந்தது 2013ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. வானத்தில் மேகமே இல்லை.

அவன் நெய்யூர்க்காரன். கூரைமேல் உண்டாகும் சூரிய மின்சாரத்தை லைன் கரண்டோடு சேர்க்கும் இன்வெர்ட்டர்களை வடிவமைப்பது அவன் வேலை. மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கிய முதல் பெட்டியை, கடற்கரையில் ஐஸ் கம்பெனி நடத்தும் செல்வனின் சுவரில் மாட்டினான். செல்வனின் மகள் லிஜாவுக்கும் அவனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். நெஞ்சில் லிஜா, கையில் ஸ்க்ரூ டிரைவர். இதைவிடப் பாக்கியம் உண்டா?

படகோ பைக்கோ, புதிதாக எது வந்தாலும் மந்திரித்த பிறகே ஓடும் ஊர் அது. பங்குத்தந்தை ஜெபம் சொல்லி, செம்பிலிருந்த தீர்த்தத்தைக் கை நிறைய அள்ளினார். ஐயோ! பெட்டியின் உச்சியில், சூடு வெளியேற பிரைட்டன் வைத்த துளைகள்! உள்ளே அறுநூறு வோல்ட்!

"வேண்டாம் ஃபாதர்!" என்று அலறி, கைகளை விரித்துக் குறுக்கே பாய்ந்தான்.

ஃபாதர் அள்ளிய தீர்த்தம் செம்பிலேயே விழுந்தது.

"ஏலே செல்வா, தீர்த்தம் ஆகாதுங்கானே, ஒனக்க மாப்ள பெந்தெகொஸ்தேல சேந்துட்டானா?" என்றாள் செல்வனின் அக்கா நேசம்மாள்.

செல்வனின் மீசை துடித்தது. "கல்யாணம் கெடையாது. பெட்டியக் கழத்திட்டுப் போ."

லிஜாவின் கண்களில் அரபிக்கடல் திரண்டது.

"மாமா, தண்ணி பட்டா வெடிக்கும்!"

"தீர்த்தத்தப் போயி தண்ணியிங்கானே!" நேசம்மாள் நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

பிரைட்டன் மண்டியிட்டான். "ஃபாதர், இது எனக்க பிள்ளை மாதிரி. அதுக்கு உள்ள தீர்த்தத்த எனக்க தலையில விடுங்க. மொத்தமா விடுங்க!"

ஃபாதர் அவன் அருகே வந்தார். பிறகு செம்பையே கவிழ்த்தார்.

"இப்ப ஆன் பண்ணு" என்றார் செல்வன், இறங்காத குரலில்.

"நனைஞ்ச கையால தொடப்பிடாது மாமா."

லிஜா ஓடிவந்து சுவிட்சைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஐஸ் மெஷின் உறுமியது.

நேசம்மாள் சொட்டச் சொட்ட நின்றவனைச் சுற்றிவந்து பார்த்தாள். "ஒரு செம்பு முழுசும் வாங்கியிருக்கான். இவன் நம்ம ஆளுதாம்ல."

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அடுத்த பெட்டியில் துளைகள் அடிப்பக்கம் போயின. அதன் தலைக்குச் சரிந்த கூரை வந்தது. மழைக்கா என்று கேட்பவர்களிடம் பிரைட்டன் ஆமென்று சொல்லிவிடுவான். அவனுடைய ஒவ்வொரு புது மாடலும் கடைசியாக நேசம்மாளிடம் போகும். அவள் ஒரு செம்புத் தண்ணீரைக் குறி பார்த்து வீசுவாள். ஒன்றும் ஆகாவிட்டால் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.