தர்பூசணி லோடு ஏறிய மதியம்

எங்கள் வீட்டில் வீரம் என்பது அப்பாவின் இலாகா. அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு என்று யாரும் சொன்னதில்லை. நானும் வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரில் மாசி பிறந்தால் வயலில் வேலை இருக்காது. அப்பா மேஸ்திரி. சொந்தக்காரர்களை ஒரு கேங்காகச் சேர்த்துக்கொண்டு, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடற்கரை மணலில் தர்பூசணி பறிக்கக் கிளம்பிவிடுவார். அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை எனக்குத் தீராத காய்ச்சல். கொல்லை என்று நாங்கள் சொல்லும் அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் தார்ப்பாய் கட்டிக் குடியிருப்போம்.

தர்பூசணியை யாரும் கூடையில் சுமப்பதில்லை. கொடியிலிருந்து லாரிவரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் எறிய, அடுத்தவர் வயிற்றோடு அணைத்துப் பிடித்து, அப்படியே திரும்பி அடுத்தவருக்கு எறிவார். பிடித்ததை வைத்துக்கொண்டு நிற்க முடியாது, அடுத்த காய் வந்துவிடும். பழகிய கைக்கு யோசனையே தேவையில்லை. லாரிக்குள் வைக்கோல் பரப்புவது என் வேலை. அங்கிருந்து எல்லாம் தெரியும்.

நான் சொல்லவந்த வருஷம்தான் வேறொரு கொல்லைக்கு முதல்முறையாகப் போனோம். அதுவரை உள்ளூர்க்காரர்கள் செய்த வேலை அது. அவர்கள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மற்ற நிலமெல்லாம் பிளாட் போட்டாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றுக்கும் முதலாளி எங்களைக் கூட்டி வந்துவிட்டார். தண்ணீர் எடுக்கப் போன அத்தையின் குடத்தை அந்த உள்ளூர்க்காரர்கள் வழியில் பிடுங்கிப் போட்டு மிதித்தார்கள்.

"நாளிக்கு லோடு ஏறுச்சின்னா உங்க மேஸ்திரி முழுசா வூடு போய்ச் சேர மாட்டான்னு சொல்றானுங்க," என்று அத்தை என் எதிரிலேயே சொன்னாள்.

அப்பா சிரித்தார். "இன்னா கிழிச்சிடுவானுங்க? லோடு ஏறும்."

மறுநாள் லாரி பாதி நிறைந்திருந்தபோது அவர்கள் வந்தார்கள். கையில் சவுக்குக் கட்டை. எங்கள் வரிசையின் கடைசி ஆளுக்கும் லாரிக்கும் நடுவில் வந்து நின்றார்கள். கடைசி ஆள் அப்பா. அவருக்கு முந்தின ஆள் அம்மா. வரிசை நின்றுவிட்டது. அதுவரை வரப்பில் நின்றிருந்த முதலாளியின் பைக்கைக் காணோம்.

"மேஸ்திரி, வண்டிய அனுப்பிட்டு கெளம்பு. இது எங்க கொல்ல," என்றார் முன்னால் நின்ற நரைத்த மீசைக்காரர். கட்டையை அவர் மணலில் ஊன்றியிருந்தார். ஊன்றிய கட்டை அடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"உன் கொல்லையா? பட்டா வச்சிகினு கீறியா?" என்று அப்பா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. கட்டை அப்பாவின் தலைக்கு மேலே எழுந்தது. லாரிக்குள் எனக்குப் பாவாடை நனைந்துவிட்டது.

அம்மா தோளால் அப்பாவை ஓர் இடி இடித்துத் தள்ளினாள். "புடிண்ணா," என்று வயிற்றோடு வைத்திருந்த காயை மீசைக்காரரை நோக்கி எறிந்தாள்.

அவர் கட்டையை விட்டுவிட்டுக் காயைப் பிடித்தார். பிடிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. என்ன செய்வதென்று அவர் யோசிப்பதற்குள் அம்மா அடுத்ததை வாங்கப் பின்னால் திரும்பிவிட்டாள். அவர் திரும்பித் தன் ஆளுக்கு எறிந்தார், அவன் அடுத்தவனுக்கு எறிந்தான். லாரியின் மேல் நின்ற சித்தப்பா பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து அத்தை அம்மாவுக்கு எறியத் தொடங்கினாள். அப்பா ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்க, வண்டி நிறைந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அத்தையிடம் போய்க் குதித்தேன். அத்தை தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லோடில் கை வைத்தவர்களைக் கடைசி லோடுவரை வரிசையிலிருந்து இறக்க முடியாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். இரண்டு கேங்குக்கு அந்தக் கொல்லையில் வேலை இல்லை. ஒரு கேங் போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் நாங்கள்தான். இதையெல்லாம் எனக்கு அப்போது யாரும் விளக்கவில்லை.

சாயங்காலம் ரோட்டோரத்தில் மூட்டைகளோடு பஸ்ஸுக்கு நின்றோம். "யாரக் கேட்டு வேலையத் தூக்கிக் குடுத்த? பங்குனி வரிக்கும் இன்னாத்த துன்றது?" என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு வந்த கோபம் நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

பஸ்ஸில் அப்பா கோபத்தோடேயே தூங்கிப்போனார். அம்மா ஊர் வரும்வரை அவர் தலைமுடிக்குள் விரலை விட்டு அளைந்துகொண்டே வந்தாள். இவ்வளவு சண்டைக்குப் பிறகு பேன் பார்க்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.