எலிமேல் போட்ட பழியும் என் டிஎம்ஏவும்

என் முட்டாள்தனத்துக்கு ஒரு எலியைப் பலிகொடுத்தவன் நான். அந்த எலியை நான் பார்த்ததுகூட இல்லை.

அல்லிநகரத்தில் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்கிறேன். கிணறு வற்றினால் மோட்டார் கரண்ட் இழுப்பது குறையும். பெட்டி அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும். ராயப்பன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மாட்டிக்கொடுத்தேன். கிணற்றில் தண்ணீர் கிடக்கும்போதே மோட்டார் பத்து நிமிடத்தில் நின்றது. காய் பருக்கும் நேரம்.

தோட்டக்காரர் போன் செய்தார். "அண்ணே, எலி வயரக் கடிச்சிருக்கும். என் பெட்டியக் கடிக்க அதுக்குப் பல்லு பத்தாது" என்று பகடி பேசினேன். அவர் சிரித்தார். நம்பினார். புருஷனும் பெண்டாட்டியுமாக வெயிலில் வயர் முழுவதையும் தோண்டி எடுத்து மாற்றினார்கள். மோட்டார் மறுபடி நின்றது.

நான்காம் நாள்தான் என் புரோகிராமைத் திறந்தேன். கரண்ட் அளவுகள் ஓயாமல் வரும். ஒவ்வொன்றையும் பிராசசரே தூக்கி வைத்தால் அதற்கு வேறு வேலை ஓடாது. அதற்காகச் சிப்புக்குள்ளேயே டிஎம்ஏ என்றொரு சுமைக்காரன். எங்கிருந்து எடுப்பது, மெமரியில் எங்கே வைப்பது, எத்தனை என்று ஒரு முறை சொன்னால் போதும், சுமந்துகொண்டே இருப்பான். அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்க மாட்டான். நானோ, எழுதியது அழகாக இருக்கட்டுமென்று, ஃபங்ஷன் என்கிற சின்னப் புரோகிராம் துண்டுக்குள் தற்காலிகமாக எடுத்த இடத்தைக் காட்டியிருந்தேன். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் கைமாறியது. எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்கிற எண் அங்கே குடிவந்தது. டிஎம்ஏ அதன் தலையிலேயே அளவுகளைக் கொட்டினான். அந்த எண் தாறுமாறாக ஏறிப்போக, நிறைந்த கிணற்றை வற்றிய கிணறென்று பெட்டி நம்பியது.

இடத்தை நிரந்தரமாக ஒதுக்க ஒரே சொல் போதுமாயிருந்தது. அதைப் புரோகிராமில் சேர்த்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பந்தலில் கொத்துகள் சுருங்கித் தொங்கின. இந்த முறை பகடி பேசவில்லை. "தப்பு என்னோடதுதாண்ணே" என்றேன். அவர் காயை உருட்டிப் பார்த்தார்.

அவர் மனைவிதான் பேசினார்: "தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒங்க பெட்டியக் கழத்தி வீசிட்டு மோட்டார நேரா ஓட்டியிருப்போம்ல தம்பி?"