ஏழு புள்ளி ஏழு

போன வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். ஆபீஸிலிருந்து என் கணவர் சுந்தர் போன் செய்தார். ஹலோ இல்லை, சாப்பிட்டியா இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "தொட்டியில என்னத்த ஊத்துனே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்தத் தொட்டிப் பக்கமே போவதில்லை. போகவும் கூடாது... வீட்டுச் சட்டம் அப்படி.

"நான் ஒண்ணுமே ஊத்தலையே!"

"பின்ன எப்படி பி.ஹெச். ஏறுது? காலையில ஏழு புள்ளி ஏழு. இப்ப எட்டைத் தாண்டிருச்சு!"

ஏறினால் சந்தோஷம்தானே பட வேண்டும்? ஏறமாட்டேன் என்கிறதே என்றுதானே மனுஷன் நாலைந்து நாளாகச் சோறு தண்ணி இறங்காமல் இருந்தார்?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். புனேயில், கராடி ஏரியாவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடல் இருக்கிறது. உப்புத் தண்ணீர்த் தொட்டி. மீன்கள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் உயிருள்ள பவளங்கள். அதில் ஒன்று ஊதா நிறம், மான்கொம்பு மாதிரி கிளை விட்டது. சுண்டுவிரல் நுனி அளவில் வாங்கி வந்து, வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்து, இப்போது என் உள்ளங்கையைவிடப் பெரிசு. சுந்தருக்கு எங்கள் கல்யாண நாள் மறக்கும். அது வீட்டுக்கு வந்த நாள் மறக்காது!

பவளத்துக்கு இரண்டு விஷயம் முக்கியமாம். ஒன்று பி.ஹெச். தண்ணீர் அமிலப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று சொல்வது. எட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் நல்லது. இன்னொன்று ஆல்கலினிட்டி. பி.ஹெச். சட்டென்று சாய்ந்துவிடாமல் முட்டுக்கொடுக்கும் சரக்கு தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. பவளம் தன் எலும்பைக் கட்டிக்கொள்வதும் அதை எடுத்துத்தான். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

முதலாவதை ஒரு மீட்டர் நாள் முழுக்கச் சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். அவருடைய போனிலும் காட்டும். இரண்டாவதுக்குக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நீலம் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறது என்று எண்ண வேண்டும். சொட்டு கூடினால் சரக்கும் கூட. பொறுமை வேலை. வீட்டில் விருந்தாளி இருக்கும்போது பொறுமைக்கு எங்கே போவது?

ஆமாம், விருந்தாளி. புனேயில் குடியிருக்கும் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் யாருக்கு ஷீரடி ஆசை வந்தாலும் சத்திரம் நம் வீடுதான். இந்த முறை கோயமுத்தூரிலிருந்து என் நாத்தனார் - எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு 'நங்கையா' - கணவர், மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் சகிதம் வந்து இறங்கினார். சின்ன மருமகள் நிவேதாவுக்கு நாலாவது மாசம்.

ஜனவரி மாதப் புனே எப்படி இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போல. "ஏ அம்மிணி, இது ஊரா, ஐஸ்பொட்டியா?" என்று கேட்டபடியே நங்கையா எல்லா ஜன்னலையும் இழுத்துச் சாத்தினார். பால்கனிக் கதவு இடுக்கில் என் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி அடைத்தார். இரண்டு ரூம் காலியாக இருந்தும் அங்கே ஒருவரும் போகவில்லை. ஹாலிலேயே பாயை விரித்து, குரங்குக் குல்லாவோடு வரிசையாகப் படுத்து, கதை பேசிச் சிரித்துத் தூங்கினால்தானே சொந்தம் வந்த மாதிரி இருக்கும்? எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மீட்டரைப் பார்த்த சுந்தரின் முகம் சுருங்கியது. பி.ஹெச். எட்டுக்குக் கீழே! ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றினார். அந்த முட்டுக்கொடுக்கும் சரக்குதான். 'பஃபர்' என்பார்கள், பி.ஹெச்.சைத் தூக்கிவிடுமாம். தூக்கியது. அடுத்த நாள் காலை பார்த்தால் இன்னும் கீழே கிடந்தது. மறுபடி கரைத்தார், மறுபடி ஊற்றினார். விழ விழ ஊற்றினார்... ஊற்ற ஊற்ற விழுந்தது.

அதே ஹாலில் நிவேதா தினமும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "தலை கனமா இருக்குதுங்கத்தை" என்றாள். நங்கையா தைலம் தேய்த்தார். சுக்குக் காப்பி போட்டார். மசக்கை என்றார். கண்ணு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார் - இருமித் தீர்த்தோம். நான் என் பங்குக்கு டாக்டரிடம் போனில் கேட்டு ஒரு மாத்திரை கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஆளாளுக்கு அக்கறைதான்.

வியாழன் ஷீரடியில் விசேஷம் என்று அன்று விடியலிலேயே வேன் பிடித்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நிவேதாவை மட்டும், அலைச்சல் ஆகாது என்று என்னிடம் விட்டுப் போனார்கள். சுந்தர் ஆபீஸ் போனார். அதற்குப் பிறகுதான் அந்த போன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே ஹாலுக்கு ஓடினேன். பால்கனிக் கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது. வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிவேதா போஹா - நம் அவல் உப்புமாதான் - தின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது தட்டு! நாலு நாளாக ஒரு வாய்க்கு மேல் இறங்காத பெண்.

"தலைவலி?"

"போயே போச்சுங்க, புனே அத்தை. எல்லாரும் கெளம்பிப் போனதும் கதவைத் தொறந்து உட்டுட்டேன்."

இதை அப்படியே போனில் சொன்னேன்.   "ஐயையோ..." என்று மறுமுனையில் ஒரு குரல். "நாமதான்! நாம விட்ட மூச்சுதான்!"

விஷயம் இதுதான். சாத்திய ஹாலில் அத்தனை பேர் விட்ட கரியமில வாயு வெளியே போக வழி இல்லாமல் தேங்கி, தொட்டித் தண்ணீரில் கரைந்து, அதை அமிலப் பக்கம் இழுத்திருக்கிறது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. காற்றில்தான் குறை.

"அப்ப... இத்தனை நாளா ஊத்துனது?" என்று கேட்டேன். போனை வைத்தவர்தான், லீவு சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் வீட்டில் நின்றார்.

குப்பியை எடுத்தார். சொட்டு விட்டார். எப்போதும் எட்டு, ஒன்பதில் மஞ்சளாகிவிடும். இன்றைக்கு ஒன்பதிலும் நீலம். பத்து... நீலம். பதினொன்று... நீலம்.  பதிமூன்றில்தான் நிறம் மாறியது. மூச்சுக் காற்று போனதும் பி.ஹெச். தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் கொட்டிய பொடி போகுமா? அது அப்படியே தங்கிவிட்டது.

அப்புறம்தான் அந்த ஊதாப் பவளத்தைக் கிட்டே போய்ப் பார்த்தோம். கிளை நுனியெல்லாம் வெள்ளை! தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. சுந்தர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லதுன்னு நினைச்சு நானே எரிச்சிட்டேன்டி" என்றார். சாதாரணமாக இந்தத் தொட்டி விஷயத்தில் அவரைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டேன். அன்றைக்கு நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

பொடியை நிறுத்தியாயிற்று. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுகிறார். ஒரேயடியாக இறக்கினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடுமாம். அடிப்பாகம் இன்னும் ஊதாவாக இருக்கிறது. பிழைத்துக்கொள்ளும் என்கிறார். என்னையும் அறியாமல் நானும் காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் விபூதியும் பேடாவுமாக வேன் திரும்பியது. எல்லோரையும் உட்கார வைத்து சுந்தர் விளக்கினார். போனில் பி.ஹெச். ஏறிய கோட்டையும் காட்டினார். நங்கையா வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏஞ்சாமி, மூச்சு உட்டது ஒரு குத்தமா?" என்றவர், எழுந்து போய் மிச்சமிருந்த ஜன்னலையெல்லாம் தன் கையாலேயே திறந்தார். திரும்பி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் காத்துலயா மாசமா இருக்கற புள்ளையைப் படுக்க வெச்சோம்? ஏங் கண்ணு, நீயாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நிவேதா தயங்கினாள். "வந்தன்னைக்கே சொன்னேனுங்கத்தை, மூச்சு முட்டுது, ஜன்னலைச் சித்த தொறக்கட்டுங்களான்னு. மாசமா இருக்கறவளுக்குக் குளுரு ஆகாதுன்னுட்டீங்க. அடுத்த நாள் புனே அத்தைகிட்டயும் சொன்னேனுங்க."

என்னிடமுமா?

நினைத்துப் பார்த்தேன். சொன்னாள்தான். மாத்திரையை எடுத்துக் கொடுத்தது அப்போதுதான்.

தொட்டிக்கு மீட்டர் இருந்தது, கேட்டோம். அந்தப் பெண்ணுக்கு வாய் மட்டும்தானே இருந்தது!