விடுதிச் சாம்பாருக்கு முழு மதிப்பெண்

தேவாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஞானசெல்வியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பத்திரம், பட்டா, சாதிச் சான்று என்று எதைக் கொடுத்தாலும் ஒரு பக்கம் குறையாமல் திரும்பி வரும். நகல் எடுத்த கையோடு ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் சிவப்பு மையில் எண் போட்டுவிடுவது அவள் வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அந்தச் சிவப்பு எண்ணைவிட அவளுக்குப் பெருமையான விஷயம் ஒன்றுதான் உண்டு: தங்கை ஜெசிந்தா டாக்டர்.

ஜெசிந்தா ஊசி போடும் டாக்டர் இல்லை. தேனிக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறாள். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் விளக்குவது ஞானசெல்விக்குச் சிரமம். "டாக்டருக்கே டாக்டரு" என்று முடித்துக்கொள்வாள்.

பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் முடித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவள் ஜெசிந்தா. முதல் வருடத்தில் ஒரே ஒரு முறை வகுப்பில் எழுந்து நின்றாள். சிறுநீரகத்தைப் பற்றி ஏதோ கேட்க நினைத்தாள். ஆங்கிலம் பாதியில் நின்றுபோனது. பேராசிரியர் திட்டவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த வருடம் எழவே இல்லை.

இப்போது அவள் பாடம் நடத்தும்போதும் பின்வரிசைகள் அப்படித்தான் இருந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், தமிழில், சந்தேகம் கேட்பதற்கென்றே ஒதுக்கித் தர முடியுமா என்று துறைத்தலைவர் சீனிச்சாமியிடம் போய்க் கேட்டாள்.

"புள்ளைக நல்லாத்தான இருக்காக? குறை இருக்குன்னு நீங்கதான் சொல்றீக" என்றார் அவர். "எழுத்துல ஏதாவது காட்டுங்கம்மா. அடுத்த மாசம் கல்விக் குழு கூடுது, அதுல வைப்போம்."

மாணவர்கள் தாங்கள் படிக்கும் இடத்தை எப்படி உணர்கிறார்கள் என்று அளப்பதற்கென்றே கேள்வித்தாள்கள் உண்டு. ஆசிரியர்கள் எப்படி, வகுப்பு எப்படி, நண்பர்கள் உண்டா, கேள்வி கேட்கத் தயக்கமா என்று வாக்கியம் வாக்கியமாக இருக்கும். 'முழுவதும் சரி' என்பதிலிருந்து 'முற்றிலும் தவறு' வரை ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். அப்படி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே தமிழும் சேர்த்தாள் ஜெசிந்தா. 'விடுதிச் சாம்பார் ருசியாக இருக்கிறது' என்று சொந்தமாகவும் ஒன்று எழுதிச் சேர்த்தாள். மாணவர்கள் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கட்டும் என்ற எண்ணம். கடைசியில், மனதில் பட்டதை எழுத இரண்டு வரி இடம் விட்டாள்.

தட்டச்சும் நகலும் அக்கா கடையில். தாள்கட்டு பஸ் கண்டக்டர் கையில் ஏறி வந்து கல்லூரி நிறுத்தத்தில் இறங்கியது. வகுப்புத் தலைவன் ஈஸ்வரபாண்டி வாங்கிக்கொண்டு போனான். பெயர் எழுத வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். தான் நின்றால் கூச்சப்படுவார்கள் என்று அந்தப் பக்கமே போகவில்லை.

தாள்கள் திரும்பி வந்தபோது மூலையில் சிவப்பு எண்ணைப் பார்த்தாள். அக்கா கை சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றும் குறையவில்லை என்பதில் அவளுக்குத் திருப்திதான்.

கூட்டிப் பார்த்தால், அப்படியொரு கல்லூரி பூமியில் இருக்க முடியாது. ஆசிரியர்கள் அன்பானவர்கள். வகுப்புகள் உற்சாகமானவை. கேள்வி கேட்க யாருக்கும் துளியும் தயக்கமில்லை. அந்தப் பக்கம் வந்த சீனிச்சாமி கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார்.

"பாத்தீகளா? நான் சொன்னேன்ல. இதையே குழுவுல வச்சிருவோம்."

வைத்தால் அந்த ஒரு மணி நேரம் அத்தோடு போயிற்று என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஒருவேளை தான்தான் தன் பழைய பயத்தை இவர்கள் முகத்தில் தேடுகிறோமோ என்றுகூடத் தோன்றியது. அப்படியே கீழே இறங்கிச் சாம்பார் வாக்கியத்துக்கு வந்தாள். முழு மதிப்பெண். வகுப்பு மொத்தமும் கொடுத்திருந்தது.

நடைகூடத்தில் கோம்பை ஊர் மாணவி பெனிஷா தோழியோடு வந்துகொண்டிருந்தாள்.

"பெனிஷா, ஹாஸ்டல் சாம்பார் எப்படி?"

"சூப்பரா இருக்கும் மேடம்."

"இன்னைக்கு என்ன காய் போட்டிருந்தாங்க?"

"தெரியல மேடம். காய் எதுவும் தட்டுப்படல."

தோழி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிறகு ஏன் முழுவதும் சரின்னு போட்ட?"

பெனிஷா கீழே பார்த்தாள். "பேரு வேணாம்னு சொன்னீக மேடம். ஆனா நம்பரு இருந்துச்சுல்ல. எனக்கு வந்தது என் ரோல் நம்பரு. எல்லாருக்கும் அப்படித்தான்."

ஈஸ்வரபாண்டியை அழைத்துக் கேட்டாள். அவன் பெருமையாகவே சொன்னான்: "நம்பரு போட்டுருந்துச்சு மேடம். ஆளு மாறிறக் கூடாதுன்னு ரோல் நம்பர் பாத்துப் பாத்துக் குடுத்தேன். லீவு போட்டவுக தாளக்கூடத் தனியா எடுத்து வச்சு மறுநாள் வாங்கிட்டேன்."

திட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அக்கா ஒழுங்காக எண் போட்டாள். இவன் ஒழுங்காகக் கொடுத்தான்.

சீனிச்சாமியிடம் போய், "தப்பு என்னுடையது சார். கட்டைப் பிரிச்சுப் பார்க்காம விட்டுட்டேன். மறுபடி எடுக்கணும்" என்றாள். அக்காவின் பெயரை எடுக்கவில்லை.

"நல்லா வந்ததத் தூக்கிப் போட்டுட்டு, கெட்டது வாங்கப் போறேங்கிறீக. சரி, கூட்டத்துக்கு முன்ன முடிங்க. மோசமா வந்தா நீங்கதான் நின்னு வாசிக்கணும். நான் வாசிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அக்காவும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். ஞானசெல்வியின் கணவர் சூசைமுத்து உள்ளே லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னதும் ஞானசெல்விக்கு முகம் சுருங்கியது.

"நம்பரு இல்லாமயா? ஏடி, ஒண்ணு தொலைஞ்சா யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"யாருதுன்னு தெரியக் கூடாதுக்கா. அதுக்குத்தான் இத்தனையும்."

"ஆளு தெரியாதுன்னா அவனவன் வாய்க்கு வந்தத எழுதுவானே."

"நீ செவ்வாக்கிழமை நவநாள் செபத்துக்கு அந்தோணியார் கோயில் பெட்டியில மன்றாட்டுச் சீட்டு எழுதிப் போடுறியே, அதுல பேரு போடுவியா?"

"நல்லாருக்கே! சாமியாரு மைக்குல வாசிப்பாகல்ல? நான் எழுதுறதே இந்த மனுசனப் பத்தி."

உள்ளே லேமினேஷன் இயந்திரத்தின் சத்தம் நின்றது. "என்னப் பத்தி என்னத்தடி எழுதுன?" என்றார் சூசைமுத்து.

"பாத்தியா, பேரு இல்லாததுனாலதான் இத்தன வருசமா குடும்பம் ஓடுது" என்றாள் ஞானசெல்வி. சிவப்புப் பேனாவை எடுத்துக் கணவர் சட்டைப்பையில் செருகினாள். "அங்கனயே இருக்கட்டும். இங்கன இருந்தா என் கை கேக்காது."

இரண்டாம் முறை ஜெசிந்தா ஏலக்காய் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல்பக்கம் கீறி, வகுப்பு வாசலில் வைத்தாள். தாள்களை மேசைமேல் குவித்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அன்று ரோல் நம்பர் வரிசை இல்லை, இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். வெளியேறும்போது ஈஸ்வரபாண்டி, "ஏலே, எல்லாரும் உண்டியல்ல காணிக்கை போட்டுட்டுப் போங்கடா" என்று கத்தியது நடைகூடம் வரை கேட்டது.

சாம்பார் தரைமட்டமாகியிருந்தது. அதோடு வேறு பலவும் விழுந்திருந்தன. கேள்வி கேட்கத் தயக்கமில்லை என்ற வாக்கியத்துக்கு எதிரே பெரும்பாலும் 'தவறு', 'முற்றிலும் தவறு'. அவள் எதிர்பார்த்ததும் அதுதான். கடைசி இரண்டு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றாள்.

'ஜெசிந்தா மேடம் நல்லவங்க. ஆனா சந்தேகம் கேட்டா இங்கிலீஷ்லயே இன்னொரு தடவை சொல்லிட்டு, புரிஞ்சுதான்னு பொறுமையா நம்மளையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அந்தப் பார்வைக்குப் பயந்தே புரிஞ்சதுன்னு சொல்லிருவோம்.'

இரண்டு தரம் படித்தாள். விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணுக்குக் கையெழுத்து தெரிந்த மாதிரி இருந்தது. மேற்கொண்டு பார்க்காமல் தாளைக் கட்டின் நடுவே செருகி, மொத்தத்தையும் ஒரு முறை கலைத்துப் போட்டாள்.

குழுவுக்கான அறிக்கையை நகலெடுத்தது ஞானசெல்வி. ஆங்கிலப் பக்கங்களைப் படிக்க மெனக்கெடமாட்டாள். ஆனால் மாணவர்கள் எழுதிய வரிகள் தமிழிலேயே இருந்தன.

"ஏடி, இத எடுத்துரவா? ஒரு வரிதான். யாருக்குத் தெரியப்போகுது?"

"இருக்கட்டும்கா."

"உன்னையவா இப்படி எழுதுவாக? எந்தப் புள்ளைன்னு மட்டும் தெரியட்டும்."

"அதனாலதான் நம்பர் வேணாம்னேன்."

ஞானசெல்வி அறிக்கைத் தாள்களைத் தட்டி அடுக்கினாள். பிறகு சூசைமுத்துவின் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைக் காட்டி, "இதுக்காவது போடலாமா?" என்றாள். ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அறிக்கையின் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு எண் ஏறியது.

கூட்டத்தில் ஜெசிந்தாதான் நின்று வாசித்தாள். தன்னைப் பற்றிய வரியை மற்ற வரிகளை வாசித்த அதே குரலில் வாசித்தாள். அதற்குப் பிறகு, எங்கள் துறையில் அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்த வேறு துறைக்காரர்கள் இருவர் அதை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். சீனிச்சாமி தொண்டையைச் செருமினார். புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம், இந்த ஆண்டு முடியும் வரை, சோதனை முறையில் என்று முடிவானது.

முதல் புதன்கிழமை பாதி வகுப்புதான் வந்தது. ஜெசிந்தா தமிழில், "எதை வேணும்னாலும் கேளுங்க" என்றாள். யாரும் கேட்கவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்கப் போனவள், நினைவு வந்து, பலகைப் பக்கம் திரும்பி அதைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த பலகைதான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"மேடம்," ஈஸ்வரபாண்டியின் குரல். "மொத வாரத்துல நடத்துனீகல்ல, நரம்பு செல்லுக்குள்ள மின்னூட்டம் நெகட்டிவ்வா இருக்கும்னு. அது எப்படி மேடம் உள்ள வந்துச்சு?"

"அது யாருக்கெல்லாம் புரியல?" என்று திரும்பாமலே கேட்டாள்.

கைகள் உயரும் சலசலப்பு கேட்டது. எத்தனை என்று அவள் எண்ணவில்லை. பலகையில் வட்டமாக ஒரு செல்லை வரைந்து, முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள்.