வெளுத்த கை

போன வருடம் கோடை விடுமுறை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, இராஜபாளையத்தில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டில் இல்லை, வேலை பார்க்கும் ஷெட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற கட்டுத்துணி அங்கேதான் வெளுக்கிறது. தறியிலிருந்து வரும் காடாத் துணி மண் நிறத்தில், அழுக்கும் கறையுமாக உள்ளே போகும். மருந்துத் தண்ணீரில் ஊறி, அலசி, கொடியில் ஏறும்போது கண் கூசும். வெயிலும் துணியும் சேர்ந்து அந்த முற்றமே வெள்ளையாகக் கத்திக்கொண்டிருக்கும்.

தங்கைக்கு ஒரே மகள். ஆறு வயது. எங்கள் குடும்பத்து நிறம், நல்ல கறுப்பு. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையைக் கூடவே கூட்டிவந்தவள், மருந்துத் தொட்டிப் பக்கம் போய்விடக் கூடாதே என்று கையில் செல்போனைக் கொடுத்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்திருந்தாள். பிள்ளை அசையவில்லை. என்ன சமத்து என்று எல்லோரும் சொன்னார்கள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொம்மைப் படம். முயல் ஓடும், நரி துரத்தும், சட்டென்று நடுவில் ஒரு பெண் வருவாள். கறுத்த முகம், யாரும் கூட்டுச் சேர்க்காத முகம். ஏதோ கிரீம் பூசுவாள். முகம் படிப்படியாக வெளுக்கும், கூட்டமே கைதட்டும். மறுபடி முயல். மறுபடி அந்தப் பெண். பிள்ளைக்கு இரண்டும் ஒரே கதை.

"பெரிம்மா, இந்த அக்கா மொதல்ல என்னைய மாதிரித்தான இருந்தா?"

"அது சும்மா வெளம்பரம்ட்டி."

நான் சொன்னது அவளுக்கு எட்டவில்லை. அந்தப் பக்கம் துணி சுமந்துகொண்டு வந்தவரை நிறுத்தினாள். காடா எப்படி மாமா வெள்ளையாவுது என்று கேட்டாள்.

"ஊறணும் தாயி. பொறுமையா ஊறுனா எம்புட்டுக் கறுப்பும் ஓடிப் போயிரும்."

எல்லோரும் சிரித்தோம்.

செத்த நேரத்தில் டீ வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினால், மூட்டையின் மேல் முயல் பாடிக்கொண்டிருக்கிறது, பிள்ளையைக் காணோம். தேடிப் போனேன். டிரம்களுக்குப் பின்னால், வெளுக்கிற மருந்து ஊற்றி வைத்திருந்த வாளியில் இடது கையை மணிக்கட்டுக்கு மேல் முக்கிக்கொண்டு குத்த வைத்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது. உதட்டைக் கடித்திருக்கிறாள். சத்தம் இல்லை. பிடித்து இழுத்தேன். அந்தச் சின்ன உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, திமிறினாள்.

"விடு பெரிம்மா. இன்னும் ஊறல."

துணி சுமந்தவர்தான் வாரித் தூக்கிக் குழாயடியில் கையைப் பிடித்தார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு ஆட்டோ, ஆஸ்பத்திரி. தோல் வெந்து உரிந்திருந்தது. ஏன் கண்ணு இப்படிப் பண்ணுன என்று நர்ஸ் கேட்டதற்கு, கை வெளுத்ததும் மூஞ்சியை முக்கலாம்னு இருந்தேன் என்றாள் பிள்ளை. என் தங்கை சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "தொட்டிக்கிட்டப் போவக் கூடாதுன்னுதானக்கா போனக் குடுத்தேன்." பிள்ளையின் கையில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டே போனது, பளீரென்று, எந்த ஷெட்டில் வெளுத்ததோ.

ஆடிப்பூரத்துக்குப் பிள்ளையை எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தேன். கோயில் வாசல் வளையல் கடையில் கூட்டம். தேர் பார்க்க வந்த பெண்களெல்லாம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். புண் ஆறிவிட்டது. ஆறிய இடத்தில் நிறம் திரும்பவில்லை. கறுத்த கையில் திட்டுத் திட்டாக வெளிறிக் கிடந்தது. கடைக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, மெல்ல வலது கையைப் பிடித்தார். பிள்ளை அதை உருவிக்கொண்டாள். இடது கையை நீட்டினாள்.

"இதுல போடுங்க. இதான் வெள்ளக் கையி."

முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கூட்டத்தில் அந்தக் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

விளம்பரம் பொய் சொல்லும் என்று எந்தப் பிள்ளைக்கும் என்னால் எடுத்துச் சொல்ல முடியும். அந்தக் கையை வைத்திருக்கும் இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.