வெளியே ஒரு கன்று

மான்ஸ்டெராவை வெட்டுகிறவளுக்கு இரக்கம் இருக்கக் கூடாது. கட்டர் பிளேடை அடுப்பு நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, கணுவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் விட்டு, ஒரே இழுப்பில் அறுத்துவிட வேண்டும். தயங்கித் தயங்கி அறுத்தால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடம் அழுகும். அறுத்த வாயில் மஞ்சள் தூளை அப்ப வேண்டும். நான் அதை ரசித்துத்தான் செய்வேன். பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்திவிட்டு வந்து, மாடியில் உட்கார்ந்து எதையாவது வெட்டினால்தான் எனக்கு அன்றைய கோபம் அடங்கும். கோபத்துக்கு என்னிடம் எப்போதும் பஞ்சமில்லை.

மான்ஸ்டெரா நம் வீடுகளில் இருக்கும் மணி பிளான்ட்டுக்குத் தூரத்து உறவு. மெக்சிகோ பக்கத்து மழைக்காட்டில் மரம் பற்றி ஏறும் கொடி. இலை சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதில் பாதி பச்சை, பாதி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை என்று ஓர் அபூர்வ ரகம் உண்டு. என்னிடம் இருந்தது அது. விதை போட்டு அந்த வெள்ளையைக் கொண்டுவர முடியாது. தாய்ச்செடியை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் தண்டில் வெள்ளைக் கோடு ஓடுகிற கணுவாகப் பார்த்து. கோடு இல்லாத கணுவை நட்டால் சாதாரணப் பச்சைச் செடிதான் வரும். முழுக்க வெள்ளையாக வந்தாலோ தனக்குத் தானே உணவு தயாரிக்க வழியில்லாமல் சில மாதங்களில் செத்துப்போகும்.

எனக்கு அது கேரளாவிலிருந்து கூரியரில், ஈரப் பஞ்சில் சுற்றிய ஒற்றைக் கணுவாக வந்தது. எங்கள் சேலையூர் வெயிலுக்கு அதைப் பிழைக்க வைப்பேன் என்று யாரும் நம்பவில்லை. மொட்டை மாடியில் பச்சை வலை கட்டினேன். போர்வெல் தண்ணீரின் உப்பு இலை நுனியைக் கருக்கியதால், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றினேன். தென்னை நார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு அது என் உயரத்தைத் தாண்டியது. அந்த வீட்டில் நான் நினைத்தபடி நடந்த ஒரே காரியம் அதுதான்.

செடி வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய துண்டு வேர் விட்டதும் முதல் கன்றை வீட்டுக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வைத்துவிட வேண்டும். இதில் தாராள மனசெல்லாம் ஒன்றும் இல்லை, முன்ஜாக்கிரதைதான். நம் வீட்டில் மாவுப்பூச்சி விழுந்து தாய்ச்செடி செத்தாலும், கொடுத்த இடத்தில் போய் ஒரு கணு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் மறுக்கக் கூடாது என்பதும் வழக்கத்தில் சேர்த்தி. என் வீட்டில் மாவுப்பூச்சியைவிடப் பெரிய ஆபத்து என் கணவர்.

ஆபீஸில் அவரைத் தங்கமான மனிதர் என்பார்கள். சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்வார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்த மனிதரையும் சேர்த்துக் கழற்றிவிடுவார். சாம்பாரில் உப்பு அதிகம் என்று மிக்ஸி ஜார் சுவரில் போய் உடையும். அம்மாவிடம் நான் அதிக நேரம் பேசினேன் என்று என் ஃபோன் உடையும். கையை முறுக்குவார், கதவோடு சேர்த்து அழுத்துவார். அறைவது மட்டும்தான் அடி என்று நான் எனக்குள் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்ததால், அவர் என்னை அடிப்பதில்லை என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். சர்ச்சில் பெரியவர்கள் பொறுத்துப் போகச் சொன்னார்கள். பொறுத்துப் போவது என்றால் என்னவென்று அவர்களுடைய மிக்ஸி ஜார்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

என் செடியின் மேல் அவர் முதலில் கை வைத்தது போன வருடம். நான்கு இலை விட்டிருந்த ஒரு கன்றைத் தொட்டியோடு தூக்கி மாடியிலிருந்து தெருவில் எறிந்தார். கீழே யாரும் போகாதது எங்கள் அதிர்ஷ்டம். அன்று எனக்கு அழுகை வரவில்லை, புத்தி வந்தது என்று நினைத்தேன். அதே வாரத்தில் பிளேடை எடுத்து மூன்று கணு வெட்டினேன். பக்கத்தில் நின்ற மகளிடம், நம் வீட்டில் என்ன ஆனாலும் வெளியே ஒன்று இருக்க வேண்டும் என்றேன். வேர் விட்டதும் ஒன்று பொத்தேரியில் இருக்கும் என் சக ஆசிரியைக்குப் போனது. இன்னொன்று படப்பையில் என் தம்பி வீட்டுத் தோட்டத்துக்கு. மூன்றாவதை எங்கள் தெருவில் மீன் விற்க வரும் அக்காவிடம் கொடுத்தேன்.

அந்த அக்காவைக் கடற்கரைக் குப்பத்திலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றியிருந்தார்கள். விடியலில் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு வந்து இறங்குவார். எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். செடி மேல் அவருக்கு எந்தப் பிரியமும் இல்லை. பூக்காத, காய்க்காத, தின்ன முடியாத ஒன்றை எதற்குத் தூக்கிச் சுமப்பது என்று கேட்டார். நான் காரணம் சொல்லவில்லை, வீட்டில் வெயில் அதிகம் என்று மழுப்பினேன். அன்று தெருவில் சிதறிக் கிடந்த தொட்டித் துண்டுகளை அவரும் பார்த்தவர்தான். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கூடையில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. எதை உடைத்தாலும் உடைத்துக்கொள், எனக்கு வெளியே மூன்று இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் கத்தும்போதுகூட அந்த எண்ணம் தெம்பாக இருந்தது.

இந்த வருடம் கத்திரி வெயில் முடிந்து பள்ளி திறந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தோம். ஏசி பக்கெட் நிரம்பி வழிந்து, அவருடைய ஆபீஸ் ஷூ நனைந்து கிடந்தது. அவ்வளவுதான் விஷயம். அவர் ஒன்றும் கத்தவில்லை. சமையலறைக்குப் போய்த் தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். கத்தாமல் போகிறாரே என்றுதான் ஷூவை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

நான் ஏறிப் போவதற்குள் கம்பு இரண்டாகியிருந்தது. கொடியைக் கீழே இழுத்துப் போட்டு, குனிந்து நின்று கொத்திக்கொண்டிருந்தார். இலை, தண்டு, வேர் என்று எதையும் விடவில்லை. வெள்ளை இலைகள் தரையில் சாறு விட்டுக்கொண்டு கிடந்தன. கைக்குக் கிடைத்த மண் தொட்டியைத் தூக்கி அவர் மேல் எறிந்தேன். அது அவர் தோளில் பட்டு உடைந்தது. அவர் தலையில் விழ வேண்டும் என்றுதான் எறிந்தேன், குறி தப்பிவிட்டது. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

அவர் கத்தியைக் கீழே போட்டார். அது வரை நல்லது. பிறகு என் தலைமுடியைப் பிடித்துக் கைப்பிடிச் சுவரில் முதுகை அழுத்தி, தரையிலிருந்து ஒரு கை நிறைய வெட்டுப்பட்ட இலையை அள்ளினார்.

“தின்னு. புருஷனவிட இதுதான உனக்குப் பெருசு, தின்னு” என்றார்.

என் வாயைப் பிளந்து திணித்தார். இந்தக் குடும்பத்துச் செடிகளின் சாறு எப்படிப்பட்டது என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். சேப்பங்கிழங்கைப் பச்சையாகக் கடித்தவர்களுக்கு அதில் கால் பங்கு தெரியும். நாக்கில் ஆயிரம் ஊசி இறங்கியது. உதடு தடித்தது. தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தேன். அவர் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, குளிக்க இறங்கிப் போனார்.

ஏழாவது படிக்கும் என் மகள் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அப்பா இறங்குவதற்கு வழி விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறாள். பிறகு ஒரு கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்து நீட்டினாள். நான் துப்பினேன், தயிரை வாயில் வைத்தேன், மறுபடி துப்பினேன். அந்த நிலையிலும் என் கை தரையில் கிடந்த துண்டுகளைத் துழாவியது. வெள்ளைக் கோடு போட்ட கணு ஏதாவது முழுசாகத் தப்பியிருக்கிறதா என்று தேடினேன். எல்லாம் சிதைந்து போயிருந்தது. பெரும்பாக்கத்துக்குப் போய் நம் கன்றை வாங்கி வரலாம் என்று வராத குரலில் மகளிடம் சொன்னேன். அவள் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடவாக்கத்தில் மாறி ஏறினோம். குடியிருப்பில் மீன்கார அக்கா கதவைத் திறந்து என் உதட்டைப் பார்த்தார். உள்ளே இழுத்து ஃபேனுக்கு நேராக உட்கார வைத்தார். நடைபாதையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் என் கன்று இருந்தது. இலை ஒவ்வொன்றும் பச்சையும் வெள்ளையுமாக, தூசி படிந்து, நன்றாகவே இருந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினேன்.

“செடி எங்கியும் போவாது டீச்சரம்மா” என்றார் அவர். “உன் பொண்ணு குட்த்து வச்சது ஒண்ணு கீது. மொதல்ல அத்தப் பாரு.”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை இழுத்தார். ஒவ்வொரு தடவை மீன் விற்க வரும்போதும் பாப்பா ஏதாவது ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிடுமாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாம், அவரும் சொல்லவில்லையாம். பையில் என் மகளின் பள்ளி யூனிஃபார்ம் ஒரு செட் இருந்தது. மீன் வாடை அடித்தது. பிரஷ், பேஸ்ட், உள்ளாடைகள். அவளுடைய பிறப்புச் சான்றிதழின் நகல். கீழே என்னுடைய நைட்டி ஒன்று, என் பிரஷர் மாத்திரை ஓர் அட்டை.

அந்த யூனிஃபார்மை எனக்குத் தெரியும். போன வருடம் அதைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லி என்னிடம் இரண்டு அறை வாங்கினாள். வாங்கிக்கொண்டு நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டேன். நாக்கு தடித்திருந்ததால் அது கேள்வியாகவே வந்திருக்காது. அவளுக்குப் புரிந்தது.

“நீதானம்மா சொன்ன, நம்ம வீட்ல என்ன ஆனாலும் வெளிய ஒண்ணு இருக்கணும்னு. செடிக்கு வச்சிட்ட. நமக்கு நீ வைக்கல, அதான் நான் வச்சேன்” என்றாள்.

குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. விட்டுப்போன வீட்டுப்பாடத்தை எழுதி முடித்தவள் சொல்வது போலச் சொன்னாள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஓர் இலைக்காக மூன்று ஊர்களில் இடம் பிடித்து வைத்தவள் நான். பெற்ற பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மேல் வந்ததைவிடப் பெரிய வெறி அன்றைக்கு என் மேல் வந்தது.

அக்கா எங்களுக்குச் சோறு போட்டார். என்னால் விழுங்க முடியாததால் கஞ்சியாகக் கரைத்துத் தந்தார். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. நாங்கள் இனி அந்த வீட்டுக்குப் போகப் போவதில்லை என்று மகளிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாள். அதை அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள், நான்தான் தாமதம்.

மறுநாள் பள்ளிக்கூடம். யூனிஃபார்மைத் துவைத்துக் காயவைத்துப் போட்டுப் பார்த்தோம். அதைக் கட்டி வைத்த பிறகு அவள் வளர்ந்துவிட்டிருந்தாள். ஸ்கர்ட் முழங்காலுக்கு வெகுவாக மேலே நின்றது. அக்காவிடம் ஊசி நூல் வாங்கி, ஓர மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தேன். இருந்த துணியை முழுக்க இறக்கியும் போதவில்லை.